தண்ணீருக்குத்தான் காய்ச்சல்!

காஞ்சிபுரம் என்றால் பட்டு. பண்ருட்டி என்றால் பலாப்பழம். மணப்பாறை என்றால் முறுக்கு. கொளத்தூர் என்றால் என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

'மீன்' என்று சொன்னவர்களுக்கு முழு மார்க்கு. ஆனால் அது குழம்பு வைக்கிற மீன் அல்ல. கண்ணாடித் தொட்டியில் விட்டுக் கண்ணால் மட்டும் பார்க்கிற வண்ண மீன். சென்னையின் வடமேற்கு மூலையில், வில்லிவாக்கத்தைத் தாண்டினால் வருகிறது அந்தப் பேட்டை. சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மாமனாரும் அங்கே போய் வந்தோம். வேடிக்கை பார்க்க அல்ல. ஒரு நோயாளிக்கு வைத்தியம் கேட்க.

நோயாளி வீட்டிலேயே இருந்தார். எங்கள் கையில் இருந்தது ஒரு பாட்டில் தண்ணீர். ரயிலிலும் ஆட்டோவிலும் குலுக்கிக்கொண்டு போனால் போகிற வழியிலேயே அந்த உயிர் போய்விடும், அது கிடக்கிற தண்ணீரையாவது காட்டுவோம் என்பது மாமாவின் யோசனை. அது எவ்வளவு சரியான யோசனை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஜமீன்தார் வந்த கதை

நோயாளியின் பெயர் ஜமீன்தார். 'பைட்டர்' என்று கடைகளில் சொல்லும் சண்டை மீன். உடம்பென்னவோ சுண்டுவிரல் நீளம்தான். ஆனால் செட்டையும் வாலும் இருக்கிறதே, அடேயப்பா! சரிகை அங்கவஸ்திரம் தரையில் புரள நடந்து வரும் அந்தக் காலத்துப் பெரிய மனிதர் தோற்றார். நீல உடம்பு, சிவப்பு வால். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வைத்தோம்.

என் மாமியார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மாமா பேச்சை அளந்துதான் பேசுவார். "காப்பி வேண்டுமா மாமா?" என்றால் ஒரு தலையசைப்பு. "சாப்பிட வருகிறீர்களா?" என்றால் இன்னொரு தலையசைப்பு. போன வருஷம் அவருடைய பிறந்த நாளுக்கு என் பிள்ளை உண்டியலை உடைத்து இந்த மீனை வாங்கி வந்து, "தாத்தா, இது உனக்கு" என்று கொடுத்தான். மறுநாள் காலையில் நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். கூடத்திலிருந்து ஒரு குரல்: "என்ன ஜமீன்தார், ராத்திரி நன்றாகத் தூங்கினீரா?"

பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் விடிந்ததும் கேட்கிற முதல் பேச்சு அதுதான்.

ஜமீன்தாரின் அரண்மனை, இரண்டு லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடி ஜாடி. அடியில் கலர் கூழாங்கல். அதைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை மீனை ஒரு டம்ளரில் விட்டு, ஜாடியையும் கூழாங்கல்லையும் சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பிவிடுவேன். கண்ணாடி பளபளவென்று இருக்கும். வந்தவர்கள் எல்லாரும், "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்!" என்பார்கள். எனக்கும் பெருமைதான்.

சித்திரை பிறந்த சமயம். ஜமீன்தார் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். செட்டை எல்லாம் மடக்கின குடையைப் போல் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. வாலின் ஓரம் கருத்து, எலி கடித்த துணி மாதிரி கிழிந்திருந்தது. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள், சொட்டு சொட்டாக விட்டோம், தண்ணீர்தான் நீலமாயிற்று. மூன்றாம் நாள் காலையில் கூடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். மாமா பத்திரிகையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கொளத்தூர் வரைக்கும் போய் வரலாமா?" என்றார்.

மூர் மார்க்கெட் வழியாக

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து ரோட்டைக் கடந்தால் சென்ட்ரலை ஒட்டிப் புறநகர் ரயில் நிலையம். அதற்கு இன்றைக்கும் 'மூர் மார்க்கெட் வளாகம்' என்றுதான் பெயர். படியேறும்போது மாமா ஒரு நிமிஷம் நின்றார்.

"இங்கேதான் இருந்தது. சிவப்புக் கட்டடம். பழைய புஸ்தகத்திலிருந்து கிளிக்குஞ்சு வரைக்கும் கிடைக்கும். கல்யாணமான புதுசில் உன் மாமியார் ஆசைப்பட்டாளென்று ஒரு ஜோடி தங்கமீன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் இரண்டும் போய்விட்டது. மூன்று நாள் சாப்பிடவில்லை அவள். அதற்குப் பிறகு வீட்டில் மீன் பேச்சே எடுத்ததில்லை."

மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது 1900-ஆம் வருஷம்; தீக்கிரையானது 1985 மே மாதத்தில். அது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம். அந்தத் தங்கமீன் கதையை அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். பாட்டில் தண்ணீரை இன்னும் சற்று ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டேன்.

வியாசர்பாடி, பெரம்பூர் என்று ரயில் போயிற்று. வழியெல்லாம் மாமாவின் சாம்ராஜ்யம்! 1955-இல் ஆரம்பித்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர் அல்லவா? எந்தக் கேட்டில் சங்கு ஊதும், எந்தக் கடையில் போண்டா நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வில்லிவாக்கத்தில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

மீன் விற்கும் வீதிகள்

கொளத்தூர் என்ற பெயரிலேயே குளம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்! இன்றைக்கு அந்தக் குளமெல்லாம் கண்ணாடித் தொட்டியாகிக் கடைக்குக் கடை உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடையில் வெறும் தங்கமீன். அடுத்த கடையில் கப்பியும் மோலியும். அதற்கடுத்ததில் தட்டுத் தட்டாக ஏஞ்சல் மீன். வாசலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள். உள்ளே பிராணவாயு அடைத்து உப்பிய பைகள், வெளியூருக்கு மூட்டை கட்டத் தயாராக. சந்து வீடுகளின் கொல்லையிலும் மொட்டை மாடியிலும்கூட சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். நாம் வடகம் காயப் போடுகிற இடத்தில் அவர்கள் குஞ்சு பொரிக்கிறார்கள்! வண்ண மீன் வியாபாரத்தில் இந்தியா முழுவதும் தெரிந்த பெயர் கொளத்தூர்.

பைட்டர் மீன்களுக்கு மட்டும் தனி மரியாதை. ஊறுகாய்ப் பாட்டில் அளவில் வரிசையாகப் பாட்டில்கள். ஒன்றில் ஒரு மீன். இரண்டு பாட்டிலுக்கு நடுவே ஓர் அட்டை. அட்டையை எடுத்தால் போயிற்று! இரண்டும் செட்டையை விரித்துக்கொண்டு கண்ணாடியிலேயே மோதும். ஆண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடவே கூடாது.

இதன் பிறந்த வீடு தாய்லாந்து. அங்கே இதற்குப் 'பிளா கட்' என்று பெயர். கடிக்கிற மீன் என்று அர்த்தம். சயாம் அரசர் கொடுத்த சில மீன்கள் 1840-இல் தியோடர் கேன்டர் என்ற டாக்டரின் கைக்கு வந்து சேர்ந்தன. வெளியுலகத்துக்கு அதன் பெருமையை எழுதிச் சொன்னவர் அவர். 'பெட்டா ஸ்பிளென்டென்ஸ்' என்ற இன்றைய சாஸ்திரப் பெயர் 1910-இல் வந்தது. 2019-இல் தாய்லாந்து அரசாங்கம் இதைத் தன் நாட்டின் தேசிய நீர்வாழ் பிராணியாகவே அறிவித்துவிட்டது. ஜமீன்தார் என்று நாங்கள் பெயர் வைத்தது அப்படி ஒன்றும் மிகையில்லை!

பரீட்சை

நாங்கள் நுழைந்த கடையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே வலையோடு நின்றாள்.

"மீனு எங்கக்கா?" என்றாள்.

"கொண்டு வரவில்லை. தண்ணீர் மட்டும்..." என்று இழுத்தேன், சிரிப்பாளோ என்ற பயத்தோடு.

அவள் சிரிக்கவில்லை. "அதாங்க கரெக்டு" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விட்டுக் குலுக்கி வைத்தாள். "அஞ்சு நிமிஷம் ஆகும். மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. பச்சையாச்சுன்னா வெஷம்" என்றாள்.

பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல் நானும் மாமாவும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் மெல்ல இளம்பச்சையாகி, பிறகு வாழையிலைப் பச்சையாக நின்றது.

"மீனுக்கு ஒண்ணும் இல்லக்கா. தண்ணிக்குத்தான் காய்ச்சல்" என்றாள்.

"கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே அம்மா!" என்றார் மாமா.

"அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது தாத்தா. மீனு போற கழிவு, சாப்பிடாம வுட்ட தீனி, எல்லாம் அழுகினா அதான் வரும். இது மேல வந்து காத்தை முழுங்கி மூச்சு வுடுற மீனு. அதனால சின்ன ஜாடியிலயும் சாகாம கெடக்கும். எல்லாரும் அதப் பாத்துட்டு ஜாடியே போதும்னு நெனைக்கிறாங்க. மூச்சு வுடத்தான் காத்து. செவுளும் தோலும் கெடக்கிறது தண்ணியிலதானே?" பிறகு கேட்டாள்: "யாரு தீனி போடறது?"

"நான்" என்றார் மாமா. "காலையில் ஒரு சிட்டிகை. பேரன் வந்ததும் ஒரு சிட்டிகை. ராத்திரி பாவமாக இருக்கும், இன்னும் கொஞ்சம்."

"அதோட வயிறு அதோட கண்ணு அளவுதான் தாத்தா. காலையில ரெண்டு உருண்டை, சாயந்திரம் ரெண்டு. வாரத்துல ஒரு நாள் பட்டினி. சரி, யாரு ஜாடி கழுவுறது? சோப்பு போட்டீங்களா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "அதுவும் நான்தான் அம்மா. வயசாயிற்று, தெரியவில்லை."

திரும்பிப் பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தங்கமீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. கழுவினது நான்" என்றேன். "சோப்புப் பவுடர் போட்டுத்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண்தான், "யாரு கழுவினா என்னக்கா, சுத்தமா இருக்கணும்னுதானே செஞ்சீங்க" என்று ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

உறை மோர் பாடம்

வாசகிகளே, அவள் எனக்குச் சொன்ன பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன். தயிர் தோய்க்கத் தெரிந்தவர்களுக்கு இது அரை நிமிஷத்தில் புரியும்.

மீன் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் வளர வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகைக் கிருமி நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. தண்ணீரில் கொஞ்சம் மாற்றினாலே குறைந்துவிடும். இந்தக் கிருமிகள் கூழாங்கல்லிலும், முக்கியமாக வடிகட்டும் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைப்பதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். நான் என்ன செய்தேன்? தயிர்ச் சட்டியில் உறை மோரைக்கூட மிச்சம் வைக்காமல் வாரம் இரண்டு தரம் தேய்த்துக் கவிழ்த்தேன். பிறகு தயிர் எப்படித் தோயும்?

போதாதற்குக் குழாய்த் தண்ணீர். நம் வயிற்றுக்கு நோய் வராமலிருக்க அதில் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது காவல். மீனின் செவுளுக்கோ அதுவே நெருப்பு. நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். வாலின் ஓரம் கருத்துக் கிழிந்ததற்கு 'செட்டை அழுகல்' என்று பெயராம். பெரும்பாலும் கெட்ட தண்ணீரில் மீன் தளர்ந்த பிறகுதான் அது பிடிக்கும்.

அவள் எழுதிக் கொடுத்த வைத்தியம் இதுதான்:

உருண்டை ஜாடியை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, இருபது லிட்டர் பிடிக்கும் தொட்டி. மேலே மூடி, ஏனென்றால் பைட்டர் மீன் துள்ளிக் குதித்துவிடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு இடம் வேண்டும். மெதுவாகக் குமிழி விடும் பஞ்சு வடிகட்டி. வேகமான நீரோட்டம் இதன் நீள வாலுக்கு ஆகாது. தண்ணீரை வாயகன்ற வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்து ஊற்ற வேண்டும். அவசரமானால் குளோரின் போக்கும் சொட்டு மருந்து. குழந்தைக்கு வெந்நீர் விளாவுவது போலப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, பழைய தண்ணீரின் சூட்டுக்குச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு டிகிரி அதற்கு இதமானது. முதல் வாரம் தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு தொட்டி நிலைப்படும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதற்கப்புறம் வாரம் ஒரு முறை போதும். முழுவதும் கொட்டவே கூடாது. பஞ்சு அழுக்கானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிய வேண்டும். குழாயடிக்கே கொண்டுபோகக் கூடாது. சோப்பு? அந்தப் பேச்சே வேண்டாம்!

மருந்துக்கு? நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் அயோடின் சேராத கல் உப்பு, கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீர் மாற்றும்போது புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பார்த்து உப்புச் சேர்க்க வேண்டும். பத்து நாளைக்கு மேல் வேண்டாம்.

"உடம்புல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா அது வேற நோய், அதுக்கு மருந்து உண்டு. செதிலெல்லாம் பலாப்பழத்து முள்ளு மாதிரி தூக்கிக்கிட்டு வயிறு உப்பிட்டா, காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். உங்களுது அப்படியில்ல. ஆனா நிச்சயம்னு சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

பிறகு உள்ளே போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பழைய பஞ்சை எடுத்து, அதே தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தாள். "இதாங்கா உறை மோரு" என்று சிரித்தாள். அதற்குக் காசு வாங்கவில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் காய்ந்த இலை விலைக்குத் தொங்கியது. எங்கேயோ பார்த்த இலையாக இருக்கிறதே என்று உற்றுப் பார்த்தேன். பாதாம் மரத்து இலை! நாட்டு வாதுமை என்கிறோமே, அதுதான். தாய்லாந்திலும் பைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இந்த இலையைத்தான் தண்ணீரில் போடுகிறார்களாம். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து கெட்ட கிருமிகளைச் சற்று அடக்கி வைக்கும். எங்கள் வாசலில் நிற்பதும் அந்த மரம்தான். தினமும் காலையில் திட்டிக்கொண்டே பெருக்கித் தள்ளுகிற குப்பை இங்கே காசு போட்டு வாங்குகிற மருந்து! பழுத்துத் தானாக விழுந்து காய்ந்த இலை வேண்டும். பச்சை இலை கூடாது. நன்றாகக் கழுவி, இருபது லிட்டருக்கு ஓர் இலை போட்டால் போதும்.

வீடு திரும்பிய பிறகு

புதுத் தொட்டியில் விட்ட முதல் நான்கு நாள் ஜமீன்தார் அப்படியேதான் கிடந்தார். தண்ணீர் இலைச் சாறு இறங்கித் தேயிலை நிறமாகிவிட்டது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன, தொட்டி இப்படி அழுக்காக இருக்கிறது?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இருபது வருஷமாக வீடு துடைக்கிற கைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும்!

ஐந்தாம் நாள் இரண்டு உருண்டை சாப்பிட்டார். பத்தாம் நாள் செட்டை விரிந்தது. மூன்றாவது வாரம் வாலின் கிழிந்த ஓரத்தில் கண்ணாடிக் காகிதம் போல் மெல்லிய புது விளிம்பு தெரிந்தது. மாமா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "தையல் பிரமாதம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை. தொட்டியின் மூலையில், தண்ணீருக்கு மேல் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"தொடாதே அம்மா!" என்று மாமா ஓடி வந்து என் கையைத் தடுத்தார். "அது கூடு. ஆண் மீன்தான் கட்டும், வாயால் ஒவ்வொரு குமிழியாக ஊதி. முட்டையை அதில் வைத்துக் காவல் காக்கிறதும் அதுதான். அன்றைக்கு அந்தப் பெண் பக்கத்துத் தொட்டியில் காட்டினாளே!"

"இங்கேதான் பெண் மீனே இல்லையே, மாமா?"

"இல்லாவிட்டால் என்ன? கட்டுகிறது" என்றார்.

நான் வடிகட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஜமீன்தார் இருந்து, ஒரு நாள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டால், மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடியுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். கொளத்தூரிலோ, உங்கள் ஊரிலோ, பரீட்சை செய்து பார்க்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். வாசலில் பாதாம் மரம் இருந்தால், நாளைக் காலை பெருக்கும்போது நல்ல இலையாக நாலு எடுத்து வையுங்கள்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கையில் கூடத்தில் குரல் கேட்கிறது: "என்ன ஜமீன்தார், வீட்டு வேலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?"